‘முடிச்சுட்டேன்’னு சொன்ன கேமை ஏன் மறுபடியும் முதல்ல இருந்து ஆடுறாங்க? ‘100 சதவீதம்’ என்றால் என்ன? முழு விளக்கம்

“நேத்தே முடிச்சுட்டேன்னு சொன்னியே சாமி, இன்னிக்கு மறுபடியும் மொதல்ல இருந்தா?”

“அது சோனிக்ல முடிச்சது அப்பாயி. இன்னிக்கு நக்கிள்ஸ்ல ஆடுறேன்.”

பள்ளி லீவு விட்டால் சேலம், நாமக்கல், ராசிபுரம், ஆத்தூர் பக்கம் எந்த வீட்டிலும் இப்படி ஒரு பேச்சு கேட்கலாம். கையில் இருப்பது சொந்தக்காரர் வெளிநாட்டில் இருந்து வாங்கி வந்த சின்ன கேம் கருவியாக இருக்கலாம், அப்பாவின் பழைய செல்போனாகவும் இருக்கலாம். பெரியவர்களுக்கு ஒரே சந்தேகம்தான்: முடிந்துபோன கேமில் இன்னும் என்ன பாக்கி?

கேட்க வேண்டிய கேள்விதான். ஏனென்றால் இதற்குள்ளேயே இன்னொரு முக்கியமான கேள்வி இருக்கிறது. பிள்ளை ஆடும் கேமுக்கு ஒரு முடிவு இருக்கிறதா, இல்லையா? அதைத் தெரிந்துகொண்டால் வீட்டில் பாதி சண்டை குறையும்.

பிளாட்ஃபார்ம் கேம் என்றால் என்ன?

ஓடணும், தாவணும், பள்ளத்தில் விழாமல் அடுத்த மேடைக்குப் போகணும். அவ்வளவுதான். மேடை மேடையாகத் தாவிப் போவதால் அதற்கு பிளாட்ஃபார்ம் கேம் என்று பெயர். 1981-ல் வந்த ‘டான்கி காங்’ இந்த வகைக்கு வழி போட்டது. 1985-ல் வந்த ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ அதை வீடு வீடாகக் கொண்டு சேர்த்தது. 90-களில் டிவியில் கேசட் செருகி மரியோ ஆடியவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

அதே விளையாட்டு கையடக்கக் கருவிக்கு வந்தபோது சில விஷயங்கள் மாறின. நின்டெண்டோவின் ‘கேம்பாய்’ 1989-லும், ‘கேம்பாய் அட்வான்ஸ்’ 2001-லும், ‘நின்டெண்டோ டிஎஸ்’ 2004-லும் வந்தன. சின்னத் திரை, பேட்டரியில் ஓடும் கருவி, கொஞ்ச நேரம் ஆடிவிட்டு மூடி வைக்கலாம். முதலில் வந்த கேம்பாய் அட்வான்ஸில் திரைக்குள் விளக்கே கிடையாது. ஜன்னல் ஓரமோ டியூப்லைட் அடியோ தேடி உட்கார்ந்தால்தான் படம் தெரியும்.

கருவியும் சின்னது, கேசட்டும் சின்னது. அதில் நூற்றுக்கணக்கான லெவல்களை அடைக்க முடியாது. அப்படியானால் ஒரே கேமை மாதக்கணக்கில் ஆட வைப்பது எப்படி? கேம் செய்தவர்கள் கண்டுபிடித்த வழிகளில் ஒன்று, அதே பாதையில் வேறு ஆளை இறக்குவது.

‘முடிச்சாச்சு’, ‘முழுசா முடிச்சாச்சு’ - என்ன வித்தியாசம்?

கடைசி வில்லனைத் தோற்கடித்து, கேம் செய்தவர்களின் பெயர்கள் திரையில் ஓடினால் கேம் ‘முடிந்தது’. கதை முடிந்துவிட்டது, கேம் முடியவில்லை. வழியில் ஒளித்து வைத்த நாணயங்கள், நட்சத்திரங்கள், ரகசியக் கதவுகள், ஒவ்வொரு கதாபாத்திரத்துக்குமான தனிப் பயணம் என எல்லாவற்றையும் பார்த்து முடித்தால்தான் ‘100 சதவீதம்’.

இந்த 100 சதவீதத்துக்குப் பொதுவான இலக்கணம் எதுவும் இல்லை. ஒவ்வொரு கேமும் தன் கணக்கைத் தானே வைத்துக்கொள்ளும். சில கேம்கள் சதவீதத்தைக் காட்டும், சில நட்சத்திரத்தை எண்ணும். 1994-ல் வந்த ‘டான்கி காங் கன்ட்ரி’யில் எல்லாவற்றையும் முடித்தால் திரையில் வருவது 101 சதவீதம்!

ஆள் மாறினால் என்ன மாறும்?

இதைப் புரிந்துகொள்ள சேலம் - நாமக்கல் ரோடே போதும். ஒரே ரோட்டில் மூன்று பேர் போகிறார்கள். ஒருவர் முட்டை ஏற்றிய வண்டி ஓட்டுகிறார், இன்னொருவர் எல்லா ஸ்டாப்பிலும் நிற்கும் பஸ்ஸின் கண்டக்டர், மூன்றாமவர் பைக்கில் போகிற இளைஞர். முட்டை வண்டிக்காரருக்கு எந்த இடத்தில் வேகத்தடை, எங்கே ரோடு குண்டும் குழியும் என்று அத்துப்படி. எந்த ஸ்டாப்பில் எத்தனை மணிக்குக் கூட்டம் ஏறும் என்பது கண்டக்டருக்குத் தெரியும். மண் ரோட்டில் புகுந்தால் எங்கே வெளியே வரலாம் என்பது பைக்காரருக்குத் தெரியும். ரோடு ஒன்றுதான். ஆனால் மூன்று பேரும் பார்ப்பது மூன்று ரோடு.

கேமிலும் இதேதான் நடக்கிறது. 2004-ல் நின்டெண்டோ டிஎஸ் கருவிக்கு வந்த ‘சூப்பர் மரியோ 64 டிஎஸ்’ இதற்கு நல்ல உதாரணம். 1996-ல் டிவியில் இணைத்து ஆடும் கேமாக வந்தபோது அதில் மரியோ மட்டும்தான் ஹீரோ. சேர்க்க வேண்டிய நட்சத்திரங்கள் 120. கையடக்க வடிவத்தில் யோஷி, மரியோ, லூய்ஜி, வாரியோ என நான்கு பேர். நட்சத்திரங்களும் 150 ஆகிவிட்டன.

ஆட்டம் தொடங்கும்போது கையில் இருப்பது யோஷி மட்டும்தான். மற்ற மூவரையும் தேடிக் கண்டுபிடித்து மீட்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஒரு வித்தை உண்டு. சுவரில் உதைத்து உதைத்து மேலே ஏறுவது மரியோவின் வேலை. கருப்புக் கல்லை உடைக்கும் பலம் வாரியோவுக்குத்தான் உண்டு. உரிய பூவை எடுத்தால் உருவம் மறைந்து கம்பி வலைக்குள்ளும் புகுந்து போவார் லூய்ஜி. எதிரியை நாக்கால் இழுத்து விழுங்கி முட்டையாக்கி எறிவது யோஷி. ஒருவருக்கு முட்டுச்சுவராக நின்ற இடம், இன்னொருவருக்குக் கதவாகத் திறக்கும். அதனால்தான் ஒரே ஆளை வைத்துக்கொண்டு 150-ஐயும் எடுக்க முடியாது.

இது எப்போது தொடங்கியது?

1987-ல் ஜப்பானில் ‘யுமே கோஜோ: டோகி டோகி பானிக்’ என்ற கேம் வந்தது. அதில் விளையாடுபவர்கள் ஒரு குடும்பம். அண்ணன், தோழி, அம்மா, அப்பா மாதிரி இமாஜின், லினா, மாமா, பாபா என்று நான்கு பேர். (இங்கே ‘மாமா’ என்றால் அம்மா, ‘பாபா’ என்றால் அப்பா.) இதில் ஒரு கிடுக்கிப்பிடி இருந்தது. ஒருவரை வைத்து முடித்தால் உண்மையான முடிவு வராது. நான்கு பேரையும் தனித்தனியாகக் கடைசி வரை கொண்டுபோனால்தான் கதை முழுமையாகும்.

இதே கேம்தான் அடுத்த ஆண்டு ஆள் மாற்றி, பெயர் மாற்றி அமெரிக்காவில் ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ் 2’ ஆக வெளியானது. மரியோ, லூய்ஜி, டோட், இளவரசி பீச் என நான்கு பேர். ஒவ்வொரு லெவலுக்கும் விருப்பப்பட்டவரைத் தேர்ந்தெடுக்கலாம். நான்கு பேரையும் வைத்து முடிக்க வேண்டும் என்ற கட்டாயத்தை மட்டும் எடுத்துவிட்டார்கள்.

2001-ல் கேம்பாய் அட்வான்ஸ் வந்தபோது கூடவே வந்த ‘சூப்பர் மரியோ அட்வான்ஸ்’ இதே கேமின் புது வடிவம். கேமை முடித்தவர்களுக்கு அதில் ஒரு கூடுதல் வேலை காத்திருக்கும். 20 லெவல்களில், லெவலுக்கு இரண்டு வீதம் 40 யோஷி முட்டைகளை ஒளித்து வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் தேடி எடுக்க வேண்டும். நாமக்கல்காரர்களுக்கு முட்டை எண்ணுவது புதிதா என்ன?

பொறுமையைச் சோதித்த ‘சோனிக் அட்வான்ஸ் 2’

ஒவ்வொரு கதாபாத்திரத்திலும் முழுசா முடிக்க வேண்டும் என்பதைக் கடுமையாகக் கேட்ட கேம்களில் ஒன்று ‘சோனிக் அட்வான்ஸ் 2’. ஜப்பானில் 2002 டிசம்பரிலும் மற்ற நாடுகளில் 2003-லும் வெளியானது. தொடக்கத்தில் பேட்டியெல்லாம் கேட்காமல் தரும் ஒரே ஆள் நீல முள்ளெலி சோனிக். முதல் பகுதியின் வில்லனை வென்றால் க்ரீம் என்ற முயல் சேரும். மூன்றாவது பகுதியில் டெய்ல்ஸ் என்ற நரி, ஐந்தாவதில் நக்கிள்ஸ். ஐந்தாவது ஆள் ஏமி மட்டும் அவ்வளவு சுலபத்தில் வரமாட்டார்.

ஏமி வர என்ன செய்யணும்? கணக்கைப் பாருங்க.

ஒவ்வொரு ஆக்டிலும் 7 சிறப்பு வளையங்கள் சிதறிக் கிடக்கும். ஏழையும் எடுத்து ஆக்டை முடித்தால்தான் சிறப்பு மேடைக்குள் அனுமதி. அங்கே வென்றால் ஒரு மரகதம் கிடைக்கும். மொத்தம் 7 மரகதங்கள். இதை சோனிக், க்ரீம், டெய்ல்ஸ், நக்கிள்ஸ் நான்கு பேரும் தனித்தனியாகச் செய்ய வேண்டும். ஒருவர் எடுத்தது இன்னொருவர் கணக்கில் சேராது.

அதாவது 4 பேர், ஆளுக்கு 7 மரகதம் என 28 மரகதங்கள். ஒவ்வொன்றுக்கும் 7 வளையம் என்றால் குறைந்தது 196 சிறப்பு வளையங்கள். இது ஒரு முறைகூடத் தோற்காதவருக்கு. சிறப்பு மேடையில் தோற்றுவிட்டால் மறுபடியும் அந்த 7 வளையங்களைத் தேடித்தான் உள்ளே போகணும்.

சோனிக்கின் வேகமே இங்கே எதிரி. கேம் முழுக்க வேகமாக ஓடுவதற்காகச் செய்யப்பட்டது. வளையங்களோ நின்று நிதானமாகத் தேடுபவர் கண்ணுக்குத்தான் படும். ஓடிவிட்டால் சில இடங்களுக்குத் திரும்பி வரவும் முடியாது. க்ரீமும் டெய்ல்ஸும் பறப்பார்கள். நக்கிள்ஸ் காற்றில் சறுக்கிப் போய் சுவரைப் பிடித்து ஏறுவார். சோனிக்கில் மணிக்கணக்கில் திணறிய அதே ஆக்ட் க்ரீமில் சுலபமாக முடிவதும் உண்டு.

சரி, இவ்வளவு பாடுபட்டு என்ன கிடைக்கும்? சோனிக்கில் எல்லா மரகதங்களும் சேர்ந்தால், சாதாரணமாக முடிப்பவர் கண்ணில் படாத கடைசிப் பகுதி திறக்கும். கடத்தப்பட்ட க்ரீமின் அம்மா வனிலாவை மீட்பது அங்கேதான். அதுதான் கதையின் உண்மையான முடிவு. ‘முடிச்சுட்டேன்’ என்று மூடி வைத்தவருக்கு இப்படி ஒரு முடிவு இருப்பதே தெரியாது.

ஒரே ஆளில் முடித்தால் போதாதா?

போதும். கதையை அனுபவித்தாயிற்று, அடுத்த வேலையைப் பார்க்கலாம் என்று நினைப்பதில் எந்தத் தப்பும் இல்லை. முழுசா முடிப்பவர்கள் தேடுவது வேறு. முதல் முறை ஆடும்போது பாதை புதிது, பயம் அதிகம். இரண்டாவது ஆளில் ஆடும்போது பாதை தெரியும், கை புதிது. மூன்றாவது, நான்காவது முறையில் அந்த லெவலைச் செய்தவர் எதை எதற்காக எங்கே வைத்தார் என்பதே புரிய ஆரம்பிக்கும். ‘எட்டாத உயரத்தில் ஏன் ஒரு நாணயம்?’ என்று முதல் நாள் எரிச்சல்பட்டவர், பறக்கும் கதாபாத்திரம் கைக்கு வந்ததும் தானே சிரிப்பார்.

அதே நேரம், எல்லா கேமும் இதை நேர்மையாகச் செய்வதில்லை. ஆளின் நிறத்தை மட்டும் மாற்றிவிட்டு அதே வேலையைத் திரும்பச் செய்யச் சொல்லும் கேம்களும் உண்டு. புது ஆளில் முதல் இரண்டு லெவல் ஆடியும் எந்த வித்தியாசமும் தெரியவில்லையா? அந்த இடத்தில் நிறுத்திக்கொள்வது புத்திசாலித்தனம்.

செல்போனில் இது உண்டா?

உண்டு. ‘சூப்பர் மரியோ ரன்’ ஐபோனுக்கு 2016 டிசம்பரிலும், ஆண்ட்ராய்டுக்கு 2017 மார்ச்சிலும் வந்தது. மரியோ தானாக ஓடுவார். தாவ வைப்பது மட்டும் நம் விரல். தொடக்க லெவல்கள் இலவசம். மீதிக்கு ஒரே ஒரு தடவை பணம் கட்டினால் போதும்.

இதன் முக்கியச் சுற்றில் 24 கோர்ஸ்கள். ஒவ்வொன்றிலும் முதலில் 5 பிங்க் நாணயங்கள். அதை முடித்தால் 5 ஊதா நாணயங்கள் வேறு இடங்களில் தோன்றும். அதையும் முடித்தால் 5 கருப்பு நாணயங்கள். ஆக மொத்தம் 360. லூய்ஜி உயரமாகத் தாவுவார், பீச் காற்றில் கொஞ்ச நேரம் மிதப்பார், யோஷி கால்களை அடித்துக்கொண்டு அந்தரத்தில் நிற்பார், டோட் வேகமாக ஓடுவார். கருப்பு நாணயத்துக்குப் போகும்போதுதான் யாரைத் தேர்ந்தெடுப்பது என்ற யோசனையே வரும்.

முழுசா முடிக்க நினைப்பவர்களுக்கு 5 யோசனைகள்

1. முதல் தடவை கதைக்காக மட்டும் ஆடுங்க. எதையும் தேடாதீங்க. பாதை மனதில் பதிந்தால் அதுவே பெரிய உதவி.

2. தேடுவதற்குச் சுலபமான ஆளை முதலில் எடுங்க. பறப்பவர், மிதப்பவர் இருந்தால் அவரை வைத்து ரகசிய இடங்களைப் பார்த்துவிட்டு, பிறகு கஷ்டமான ஆளுக்குப் போகலாம்.

3. ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக்கொள்ளுங்க. எந்த லெவலில் எத்தனை எடுத்தாச்சு, எது பாக்கி என்று எழுதினால் எடுத்ததையே திரும்பத் தேடும் வேலை மிச்சம்.

4. ஒரு உட்காருதலுக்கு ஒரு இலக்கு போதும். ‘இன்னிக்கு ஒரு மரகதம்’ என்றால் ஒரு மரகதம்தான். தோற்றுக்கொண்டே இருந்தால் மூடி வைத்துவிட்டு நாளைக்குப் பார்க்கலாம்.

5. பழைய கேசட் வாங்கும் முன் சேவ் ஆகிறதா என்று பாருங்க. கேம்பாய் காலத்துக் கேசட்டுகள் பலவற்றில் சேவ் விவரத்தைக் காப்பாற்றுவது உள்ளே இருக்கும் வட்ட பேட்டரிதான். அது தீர்ந்தால் கேம் ஓடும், ஆனால் சேர்த்து வைத்ததெல்லாம் போய்விடும். ஆடி, அணைத்து, மறுபடியும் போட்டுப் பார்த்துவிட்டுக் காசு கொடுங்க.

இணையத்தில் ‘பழைய கேம் இலவசம்’ என்று கிடைப்பதை எல்லாம் இறக்கிவிடக் கூடாது. உரிமையாளர் அனுமதி இல்லாத பிரதி காப்புரிமை மீறல். அதோடு சேர்ந்து போனுக்குள் வைரஸும் வரலாம்.

பெற்றோர் எதைக் கவனிக்க வேண்டும்?

‘எத்தனை மணி நேரம் ஆடுறான்’ என்பதை மட்டுமே பெரும்பாலும் கவனிக்கிறோம். அதோடு இரண்டு கேள்விகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

முதல் கேள்வி: இந்த கேமுக்கு முடிவு இருக்கிறதா? 150 நட்சத்திரம் என்றால் 150-உடன் வேலை முடிந்தது. அடுத்த நாள் எடுக்க எதுவும் இல்லை. ஆனால் இன்று போனில் புழங்கும் பல கேம்களுக்கு முடிவே கிடையாது. தினமும் வந்தால்தான் பரிசு, இன்று வராவிட்டால் நஷ்டம், அடுத்த வாரம் புது சீசன் என்று ஓடிக்கொண்டே இருக்கும். 100 சதவீதம் என்ற வார்த்தைக்கே அங்கே இடமில்லை.

இரண்டாவது கேள்வி: நடுவில் பணம் கேட்கிறதா? ஒரு தடவை வாங்கினால் முடிந்தது என்பது ஒரு வகை. புது கதாபாத்திரம் வேண்டுமா, பெட்டியைத் திற, உள்ளே அவர் இருந்தாலும் இருக்கலாம் என்பது இன்னொரு வகை. முதல் வகையில் கதாபாத்திரத்தை உழைத்துத் திறக்கிறார்கள். இரண்டாவது வகையில் காசு கொடுத்து அதிர்ஷ்டத்தைப் பார்க்கிறார்கள். வங்கிக் கணக்கோடு இணைந்த போன் பிள்ளை கையில் இருந்தால் இது வீட்டுக்கே ஆபத்து.

பணம் கட்டிப் பணம் ஜெயிக்கும் ஆன்லைன் கேம்கள் முற்றிலும் வேறு விஷயம். தமிழ்நாட்டில் ஆன்லைன் சூதாட்டத்தைத் தடுக்க 2022-லேயே சட்டம் இயற்றப்பட்டது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் நிறைவேற்றிய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் கேம்களை நாடு முழுவதும் தடை செய்கிறது. மரியோ, சோனிக் மாதிரியான கேம்கள் இந்த வகையில் வராது.

முடிவு இருக்கும் கேம் என்றால் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாமா? அதுவும் இல்லை. ‘இன்னும் ஒரே ஒரு நாணயம்’ என்ற ஆசை தூக்கத்தையும் படிப்பையும் தின்றுவிடும். உலக சுகாதார நிறுவனம் ‘கேமிங் டிஸ்ஆர்டர்’ என்பதை நோய்களின் பட்டியலில் சேர்த்து, அந்தப் பட்டியல் 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கு மூன்று அடையாளங்கள் சொல்லப்படுகின்றன. ஆடுவதைக் கட்டுப்படுத்த முடியாமல் போவது, மற்ற எல்லாவற்றையும்விட கேமே முக்கியமாவது, பாதிப்பு தெரிந்தும் நிறுத்தாமல் தொடர்வது. பொதுவாக ஓராண்டு அளவுக்கு இது நீடித்தால்தான் நோய் என்று மருத்துவர்கள் முடிவு செய்வார்கள். லீவு நாளில் இரண்டு மணி நேரம் சேர்த்து ஆடினாலே நோய் என்று பயப்பட வேண்டாம். சந்தேகம் இருந்தால் 14416 என்ற டெலி மனஸ் இலவச எண்ணில் ஆலோசனை கேட்கலாம்.

கடைசியாக...

‘மறுபடியும் மொதல்ல இருந்தா?’ என்று கேட்பதற்குப் பதிலாக ‘இன்னும் எத்தனை பாக்கி?’ என்று கேட்டுப் பாருங்க. பிள்ளை உடனே ஒரு எண்ணைச் சொன்னால் அந்த கேமுக்கு முடிவு இருக்கிறது. ‘ரெண்டு மரகதம் முடிச்சுட்டு சாப்பிட வர்றேன் அப்பாயி’ என்று பேசி வைத்துக்கொள்ளலாம். சொல்ல எண்ணே இல்லாமல் பிள்ளை முழித்தால், போனை வாங்கி ஒரு தடவை பார்ப்பது நல்லது.